மதமாற்றம்

மதம் என்ற வடசொல்லின் முதற்பொருள் கருத்து, கொள்கை. பவணந்தியாரின் நன்னூல் ‘எழுவகை மதம்’ என்பது நூலாசிரியர்கள் பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது முதலான ஏழு நிலைகளைத்தான். சம்மதம் என்பதும் இதே வேரில் பிறந்தது. யானையின் மதம் வேறு சொல். ஒலி ஒன்றானதால் இரண்டையும் இணைத்துப் பேசுவது பிழை. பின்னாளில் மதம் வழிபாட்டையும் சமூகத்தையும் குறித்தது. அதனால் ஒருவர் கருத்தை மாற்றிக்கொண்டாலே உறவை விட்டுப் போனதாக வீட்டார் கலங்கும் நிலை வந்தது. அந்தக் கலக்கம் பழையது. சமணம் புகுந்து தருமசேனர் ஆன தம்பிக்காகத் திலகவதியார் திருவதிகையில் இறைவனிடம் முறையிட்டதையும், சூலை நோயோடு திரும்பியவருக்குத் திருநீறு தந்து ஏற்றதையும் பெரியபுராணம் சொல்கிறது. அவரே அப்பர். 1981-இல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பல இஸ்லாத்தில் சேர்ந்தபோது மதமாற்றம் நாடு முழுக்க அரசியல் சொல்லாயிற்று. 2002-இல் தமிழ்நாட்டில் வந்து 2004-இல் நீக்கப்பட்ட மதமாற்றத் தடைச் சட்டம் அச்சொல்லுக்குக் ‘கட்டாய’ என்ற அடைமொழியைச் சேர்த்தது. இன்று அடைமொழி இல்லாதபோதும் கட்டாயம் நடந்திருக்குமோ என்ற ஐயம் சொல்லோடு ஒட்டியே வருகிறது. மனமுவந்து சென்றவருக்கு இது அநீதி. மாறாக, கிறித்தவரானவரைக் குறிக்கும் ஊர்ப்பேச்சின் ‘வேதத்தில் சேர்ந்தார்’, முஸ்லிம்கள் சொல்லும் ‘இஸ்லாத்தைத் தழுவினார்’ இரண்டிலும் சேர்பவரே எழுவாய். தூய தமிழில் ‘நெறி மாறுதல்’ பொருந்தும். மாற்றம் என்பதைவிட மாறுதல், செய்தவர் விருப்பத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.