பாலத்து மேட்டில் எரியும் சிவப்பு விளக்கு

1988 அக்டோபர் 2ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. அதற்கு முன்னால் எங்கள் ராமேஸ்வரம் தீவுக்குள் வர ரயிலேற வேண்டும், இல்லையென்றால் படகேற வேண்டும். அதனால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நான் பார்த்து வளர்ந்த மெக்கானிக்குகள் எல்லாரும் படகு இன்ஜினில் கை பழகியவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். காரில் ஆயில் பிரஷர் பார்க்கும் வித்தையை நாங்கள் கடலில்தான் கற்றோம். அதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

அப்பா வேலை பார்த்த விசைப்படகுகளில் எச்சரிக்கை விளக்கு கிடையாது, கேஜ் இருக்கும். இன்ஜினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி ஆயிலை அப்படியே கேஜின் முதுகு வரை கொண்டுபோகும். நடுவில் வயரும் இல்லை, கரண்டும் இல்லை. உப்புக்காற்று அரித்தாலும் முள் உண்மையைத்தான் காட்டும். படகு ஓட்டுகிற டிரைவர் அலையைப் பார்ப்பதற்குச் சமமாக அந்த முள்ளையும் பார்ப்பார். நடுக்கடலில் முள் விழுந்தால் இன்ஜினை உடனே அணைத்தாக வேண்டும். அணைத்தால் நீரோட்டம் படகை எங்கே இழுத்துப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1974இல் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனபிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காயிற்று.

"பம்ப் பிரஷரை உண்டாக்காதுடா. அது ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். போற வழி குறுகலா இருந்தாத்தான் பிரஷர் நிக்கும்" என்பார் அப்பா. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடும், விரலை எடுத்தால் தொளதொளவென்று விழும். இன்ஜினுக்குள் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியின் கனத்துக்கும் குறைவான இடைவெளி. பேரிங் தேய்ந்து அது அகன்றுவிட்டால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் முள் எழும்பாது. சூடேறி ஆயில் இளகினால் இன்னும் கீழே இறங்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தவனுக்கு மீதியெல்லாம் தானாக வரும்.

பாலம் திறந்ததும் கார்கள் வந்தன. பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட் வண்டிகள். மதுரையிலிருந்து நூற்று அறுபது, நூற்று எழுபது கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு வருவார்கள். இன்ஜின் நன்றாகக் கொதித்திருக்கும். பாலத்தில் ஏறியதும் கடலைப் பார்க்கவும் ரயிலைப் பார்க்கவும் நிறுத்துவார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம், ஒருமணி நேரம்கூட ஊர்ந்துதான் வர வேண்டும். சூடான ஆயில், ஐடிலில் ஓடும் இன்ஜின். பலவீனமான பிரஷர் வெளியே வருவது அந்த நிலையில்தான். ரோட்டில் ஓடும்வரை அணைந்தே இருந்த சிவப்பு விளக்கு பாலத்தின் மேல் எரியும். பயந்துபோய் இறங்கி வந்து, முதலில் கண்ணில் படும் பட்டறை என்று எங்களிடம் நிறுத்துவார்கள்.

அப்பா ஸ்பேனரைத் தொடமாட்டார். முதலில் கேள்வி. பாலம் நடுவில் மேடாக ஏறி இறங்கும், அதன் கீழே கப்பல் போக வேண்டுமே. அந்த ஏற்றத்தில் மட்டும் எரிந்து சமதளத்தில் அணைந்ததா? அப்படியென்றால் ஆயில் குறைவு. ஆயில் பேனில் இருக்கிற கொஞ்ச ஆயில் சரிவுக்கு ஒதுங்கிவிட, பம்பின் ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. நிற்கும்போதெல்லாம் எரிந்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் அணைந்ததா? ஆயில் தண்ணீர்போல இளகிவிட்டது, இல்லை பேரிங் தேய்ந்துவிட்டது. பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது சிமிட்டியதா? வயரைப் பார். விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றியபிறகும் விளக்கு எரிந்தால், அந்த வயர் எங்கோ உரசி பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் ஆயில் ஸ்டிக், அதற்குப் பிறகு கேஜ்.

அந்தக் கேஜ் ஒரு விசைப்படகுடையது. உடைத்துப்போட்ட இன்ஜினிலிருந்து அப்பா எடுத்துவைத்தது. காரின் சுவிட்ச் துளைக்குப் பொருந்தும்படி ராமநாதபுரத்தில் லேத்தில் கொடுத்து நாலைந்து பித்தளை நட்டுகள் கடைந்து வாங்கினார். சுவிட்சைக் கழற்றிவிட்டு இந்தக் குழாயைப் பூட்டினால் கார் இன்ஜினும் படகு இன்ஜின் மாதிரி முள்ளில் பேசும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு பிரஷர் என்பது பொதுக் கணக்கு. சூட்டில், ஐடிலில் பத்துக்கு மேல் நின்றால் பழைய இன்ஜினுக்கு அது போதும். விளக்கு எரிவதற்கு ஐந்து, ஆறு பவுண்டுக்கு இறங்க வேண்டும்.

இருபது வயதில் நான் ஒரு தவறு செய்தேன். அப்பா ஊரில் இல்லாத நாள். விளக்கு எரிகிறது என்று வந்த ஒரு யாத்திரைக்காரரின் வண்டியில் கேஜ் போடாமலே ஆயில் பேனை இறக்கி, பேரிங் மூடிகளைக் கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாம் புதிதுபோல இருந்தது. கெட்டுப்போனது சுவிட்ச் மட்டும். அந்தக் குடும்பம் இரண்டு நாள் சத்திரத்தில் கிடந்தது. அவர்கள் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

விளக்கு எரியாத வண்டிதான் இன்னும் மோசம். தொண்ணூறுகளின் நடுவில், அம்மாவின் நகையை அடகுவைத்து ஒரு பழைய டீசல் கார் வாங்கிவந்தான் எங்கள் ஊர்ப் பையன், டாக்சி ஓட்ட. "லைட்டே வந்ததில்லண்ணே, சத்தம் மட்டும் கேக்குது" என்றான். சாவி போட்டதும் ஆயில் விளக்கு எரிந்தது, ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அப்பா குனிந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மறுபடி ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் விளக்கோடு ஆயில் விளக்கும் சேர்ந்து எரிகிறது. விற்றவர் யாரோ இரண்டு விளக்கின் வயர்களையும் ஒன்றாக முறுக்கிவைத்திருந்தார். ஆயிலை இறக்கினால் பாகுபோல விழுந்தது. சத்தத்தை அமுக்க அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில். கேஜில் காலையில் ஐம்பது பவுண்டு. ராமேஸ்வரம் போய்வந்து சூடேறியபின் ஐடிலில் ஆறு.

பேனை இறக்கினோம். கல்லில் அடிபட்டு உள்ளே ஒடுங்கி, ஸ்ட்ரெய்னரை முட்டிக்கொண்டிருந்தது. யாரோ முன்பு அப்பிய சிலிக்கான் பேஸ்ட் துணுக்குகள் வலையில் பாதியை அடைத்திருந்தன. பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. அப்பா கிராங்கைத் துணியால் துடைத்து, நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. "கிராங்கு பிழைச்சுக்கிச்சு" என்றார். புதுப் பேரிங், பேனைத் தட்டி நிமிர்த்தியது, சரியான ஆயில். சூட்டில் பதினெட்டு காட்டியது. கூலியை அந்தப் பையன் மூன்று தவணையாகக் கொடுத்தான், அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தனுஷ்கோடிக்கு 2017இல் ரோடு வரும்வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் உப்புத்தண்ணீரிலும் ஓடிய வேன்களும் எங்களிடம்தான் வரும். அவற்றின் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் உயிரோடு இருக்காது. ஏர் ஃபில்டர் வழியாக மணல் போய்ப் பேரிங்கைத் தின்றிருக்கும். அவற்றுக்குச் செவியும் கேஜும்தான் வைத்தியம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகு இன்ஜின்கள் கரையேறும், கார்கள் காத்திருக்கும். இன்றும் பட்டறையில் அந்த வழக்கம்தான். அதே கேஜ் ஆணியில் தொங்குகிறது. அதன் பித்தளை விளிம்பு கறுத்துவிட்டது, முள் இன்னும் பிசகவில்லை.

2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபிறகு, தூக்குப்பாலம் மேலே போவதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. போன மாதம் அப்படி நின்று விளக்கு எரிந்து ஒரு குடும்பம் வந்தது. வாங்கி மூன்றே வாரமான செகண்ட் ஹேண்ட் வண்டி. என் மகன் சுவிட்சைக் கழற்றிக் கேஜைப் பூட்டினான். உள்ளே உட்கார்ந்திருந்த பாட்டி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளிக்க நேரமாகிவிடும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"சூட்டுல, ஐடில்ல பதினாறுப்பா" என்றான் மகன்.

"நோட்ல எழுதிக்க. புது சுவிட்ச் ஒண்ணு போடு" என்றேன். பாட்டியிடம் போய், "ஒண்ணும் இல்லம்மா, பத்து நிமிஷத்துல கிளம்பிரலாம்" என்று சொன்னேன்.