உறுதிமொழி வரைந்த அமைச்சர்

அமைச்சர் ஒருவரை அவர் வகித்த பதவிகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. எஸ். இராஜரத்தினத்தையோ அவர் எழுதிய சொற்களைக் கொண்டே அளத்தல் தகும்.

1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த அவர், 1937இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். போர் மூண்டு, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோகவே, எழுத்தே பிழைப்பாயிற்று. சிங்கப்பூர் திரும்பிப் பத்திரிகையாளராகப் புகழ்பெற்ற அவர், 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1959இல், நம் சிராங்கூன் சாலைக்கு அண்மையிலுள்ள கம்போங் கிளாம் தொகுதியில் வென்று கலாசார அமைச்சரானார்.

1964இல் இந்நகரில் இனக்கலவரம் இருமுறை மூண்டது. மறு ஆண்டு சிங்கப்பூர் தனிநாடாயிற்று. இராஜரத்தினம் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1967இல் பாங்காக்கில் ஆசியான் அமைப்பை நிறுவிய ஐவருள் அவரும் ஒருவர். 1980 வரை அப்பொறுப்பிலிருந்தார். பின்னர் துணைப் பிரதமராகவும் மூத்த அமைச்சராகவும் பணியாற்றி, 2006இல் மறைந்தார்.

எனினும், கலவரத்தின் வடு ஆறாத 1966இல் அவர் வரைந்து, பிரதமர் லீ குவான் இயூ செப்பனிட்ட தேசிய உறுதிமொழியே அவர்தம் நிலைத்த பணி. இனம், மொழி, சமய வேற்றுமை கடந்து ஒன்றுபடுவோம் என்பது அதன் கருத்து. தமிழுக்கு அவர் என்ன செய்தார் என வினவுவார்க்கு விடையும் அதுவே. எண்ணிக்கையிற் சிறிய இனத்தின் மொழி, பிறர் இரக்கத்தாலன்றிச் சம உரிமையால் வாழ வேண்டும். மாணவர் அவ்வாசகத்தை ஒப்பித்தல் மட்டும் போதாது. பொருளுணர்ந்து சொல்லுதல் வேண்டும்.