கற்பனை நாடும் காவல் அரக்கனும்

2024ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் ஃபிரம்சாஃப்ட்வேர் என்னும் ஜப்பானிய நிறுவனம், தான் ஈராண்டுக்கு முன் வெளியிட்ட 'எல்டன் ரிங்' என்ற கணினி விளையாட்டிற்கு ஒரு விரிவாக்கத்தை வெளியிட்டது. 'எர்ட்ட்ரீயின் நிழல்' என்று பொருள்படும் பெயரைத் தாங்கி வந்த அவ்விரிவாக்கம் மூன்றே நாளில் 50 இலட்சம் படிகள் விற்றது. திறனாய்வாளர்கள் அதற்கு மிக உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருந்தனர். ஆயினும் விலை கொடுத்து வாங்கியோரிடையே முதல் நாளிலேயே பெரும் பூசல் மூண்டது. 'ஸ்டீம்' என்னும் விற்பனைத் தளத்தில் அவர்கள் பதிந்த கருத்துகளைத் தொகுத்து நோக்கியபோது, புகழும் பழியும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து நின்றன. கணினியில் ஆட்டம் தடையின்றி ஓடவில்லை என்பது ஒரு குறை. பெருங்குறை வேறு. பகைவர்கள் அளவு கடந்த வலிமையுடையோராக ஆக்கப்பட்டுவிட்டனர் என்று ஒரு சாரார் முறையிட்டனர். வலிய பகையை நாடியன்றோ இவ்விளையாட்டிற்கு வந்தோம் என்று மறுசாரார் வினவினர்.

விளையாட்டைப் பற்றிய வழக்குதானே என்று இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒரு படைப்பின் கடுமை அப்படைப்பின் பொருளோடு ஒட்டிய பகுதியா, வேண்டுமெனில் கழித்துவிடத்தக்க மேற்பூச்சா என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது. செய்யுளைக் கற்பிப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது.

இத்தகைய விளையாட்டின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஆடுவோர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, மலையும் காடும் கோட்டையும் நிறைந்த கற்பனை நாடொன்றினுள் நுழைகின்றனர். எத்திசையிலும் செல்லலாம், எதனை முதலில் செய்வது என்று கட்டளையிடுவார் இலர். ஆதலின் இதனைத் 'திறந்த உலகம்' என்பர். அந்நாட்டின் முக்கிய இடங்களில் பேராற்றல் வாய்ந்த பகைவன் ஒருவன் காத்து நிற்பான். ஆடுவோர் அவனைப் 'பாஸ்' என்றே அழைப்பர். காவல் அரக்கன் என்று நாம் கொள்ளலாம். கதை முடிந்த பின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, புதிய நிலப்பரப்பும் புதிய அரக்கரும் தனி விலைக்கு வருவதே விரிவாக்கம்.

இவ்விரண்டிற்கும் வேர் ஒரே காலத்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். தாளும் எழுதுகோலும் பகடையுமே அதன் கருவிகள். மறு ஆண்டே 'கிரேஹாக்' என்னும் இணைப்பு நூல் வந்தது. முன்னில்லாத திருடன் என்னும் பாத்திரம் அதனால் ஆட்டத்தினுள் புகுந்தது. விளையாட்டு வெளிவந்து ஓராண்டிலேயே விரிவாக்கமும் பிறந்துவிட்டது எனலாம். அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகம் 'பிளேட்டோ' என்றொரு கணிப்பொறி அமைப்பை நடத்தி வந்தது. பாடம் கற்பிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட அமைப்பு அது. மாணவர்களோ அதில் நிலவறை விளையாட்டுகளை எழுதிக் குவித்தனர்; பொறுப்பாளர்கள் கண்டபோதெல்லாம் அழித்தனர்; மாணவர்கள் மீண்டும் எழுதினர். எந்நாட்டு ஆசிரியருக்கும் புதுமையாகத் தோன்றாத காட்சி இது. அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் ஒன்றில், நிலவறையின் ஆழத்தில் மாய உருண்டை ஒன்றைப் பொன்னிற டிராகன் காத்து நின்றது. கணினி விளையாட்டில் தோன்றிய முதற் காவல் அரக்கன் என்று பலராலும் சுட்டப்படுவது அந்த டிராகனே.

அதன்பின் வந்த கால் நூற்றாண்டைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். கணினியின் ஆற்றல் பெருகப் பெருக, நிலவறை நாடாயிற்று.

2002இல் பெதஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட 'மோரோவிண்ட்' அவ்வளர்ச்சியில் ஒரு மைல்கல். அதன் இரண்டாம் விரிவாக்கமாகிய 'பிளட்மூன்' 2003இல் வந்தபோது, பனி மூடிய சோல்ஸ்தைம் தீவு ஆடுவோருக்குத் திறந்தது. அத்தீவு நினைவில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ஒரு சான்றுண்டு. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டின் 'டிராகன்பார்ன்' என்னும் விரிவாக்கம், 2012இல் அதே தீவிற்கு ஆடுவோரை மீண்டும் அழைத்துச் சென்றது.

இவ்விரண்டிற்கும் இடையில், 2006இல், 'ஒப்ளிவியன்' வந்தது. வழக்கு வலுப்பட்டது அங்கேதான். அவ்வாண்டு ஏப்ரலில் குதிரைக்கு அணிவிக்கும் கவசமொன்றை இரண்டரை டாலர் அளவிலான விலைக்கு அந்நிறுவனம் தனியே விற்றது. ஒரு தீவையே விரிவாக்கமாகப் பெற்றுப் பழகியவர்கள், குதிரைக் கவசத்திற்குக் காசு கேட்கப்பட்டதும் நகைத்தனர், சினந்தனர். அற்பப் பொருளை விரிவாக்கம் என்று விற்கும்போதெல்லாம் அக்குதிரைக் கவசம் இன்றுவரை பழமொழிபோல் எடுத்துக்காட்டப்படுகிறது. மறு ஆண்டு 'ஷிவரிங் ஐல்ஸ்' என்ற பெரிய விரிவாக்கம் வந்தபின்னரே மனக்கசப்பு ஓரளவு தணிந்தது.

அவ்விளையாட்டில் வேறொரு குறையும் காணப்பட்டது. அதுவே நம் பொருளுக்கு நெருக்கமானது. ஆடுவோரின் வலிமை வளருந்தோறும் நாட்டிலுள்ள பகைவரின் வலிமையும் உடன் வளருமாறு அதனை அமைத்திருந்தனர். எத்திசையில் சென்றாலும் இடர் ஏற்படலாகாது என்பது நோக்கம். விளைந்ததோ வேறு. வழிப்பறிக் கள்வர்கூட அரசருக்குரிய அரிய கவசங்களை அணிந்து எதிரே வந்தனர்! நெடுந்தொலைவு நடந்து, துன்புற்று, வலிமை பெற்றதன் பயன் யாது என்று ஆடியோர் வினவினர். இறுதிப் போரிலோ, நாட்டின் வாரிசாகிய மார்ட்டின் டிராகன் வடிவெடுத்து மெரூன்ஸ் டேகன் என்னும் அரக்கனை வீழ்த்த, அதுவரை உழைத்த வீரன் ஓரமாக நின்று காண வேண்டியதாயிற்று. கதையாக நோக்கின் அஃது உயர்ந்த முடிவு. ஆட்டமாக நோக்கின், பயணத்திற்கும் போருக்கும் இடையிலிருந்த கயிறு அங்கு அறுந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

அக்கயிற்றை வேறு வகையில் பின்னிக் காட்டியவர்கள் போலந்து நாட்டினர். ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் புனைகதைகளை அடியாகக் கொண்டு சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட மூன்றாம் 'விட்சர்' விளையாட்டிற்கு இரு விரிவாக்கங்கள் வந்தன. முதலாவதான 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' கதையின் பெரும்பகைவன் கான்டர் ஓ'டிம். கண்ணாடி வணிகன் என்ற எளிய கோலத்தில் தோன்றும் அவன் எவ்வாளாலும் வெட்டுண்ணாதவன். உடன்படிக்கையில் சிக்கிய ஓல்கியர்ட் என்பானைக் காக்க வீரன் துணிந்தால், அவனுக்குக் கிடைப்பது ஒரு விடுகதை மட்டுமே. குறித்த நேரத்திற்குள் அதன் விடையைச் சொல்லால் அன்றிப் பொருளால் காட்டவேண்டும். விடை, நிழலுருவைக் காட்டும் பரப்பு. அரக்கனோ ஆங்குள்ள கண்ணாடிகளை உடைத்துவிடுகிறான். தெளிந்த நீரே எஞ்சுகிறது. வாட்போரை எதிர்பார்த்து வந்த சிலர் இதனால் ஏமாற்றமுற்றனர். ஆனால், வலிமையால் வெல்லலாகாதவனை வலிமையால் வெல்லச் செய்திருந்தால் அப்பாத்திரமே பொய்யாகியிருக்கும். 2016இல் வந்த இரண்டாம் விரிவாக்கமாகிய 'பிளட் அண்ட் வைன்' அவ்வாண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த பாத்திர விளையாட்டிற்கான விருதையே பெற்றது.

இனி எல்டன் ரிங்கிற்கு வருவோம். அதன் இயக்குநர் ஹிடெட்டாக்கா மியாசாக்கி வளமற்ற குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் நூலகத்தில் ஆங்கிலக் கற்பனைக் கதைகளை எடுத்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்து, புரியாத இடங்களைப் படங்களின் துணையாலும் தம் கற்பனையாலும் நிரப்பிக்கொண்டவர். அப்பழக்கம் அவர் படைப்புகளின் முறையாகவே ஆகிவிட்டது. கதையை எவரும் தொடர்ச்சியாகச் சொல்வதில்லை. வாளின் குறிப்பிலும் மோதிரத்தின் குறிப்பிலும் ஓரிரு வரிகளாக அது சிதறிக் கிடக்கும். அவற்றைத் தொகுத்து உரை காண்பது இரசிகர் கடமை. நூற்பா ஒன்றிற்கு உரையாசிரியர் இருவர் வேறு வேறு பொருள் கண்டு வாதிடுவதைப் போலவே அவர்களும் வாதிடுகின்றனர்.

சான்றாக, ராடான் என்னும் படைத்தலைவனைக் காண்போம். மலைபோன்ற உடலினனாகிய அவன், மெலிந்த சிறு குதிரையொன்றின்மேல் அமர்ந்து வருவான். முதலில் காண்போர்க்கு நகைப்பே தோன்றும். அவனை வென்றபின் கிடைக்கும் நினைவுப் பொருளின் குறிப்பைப் படித்தால், தன் அன்புக் குதிரையைப் பிரிய மனமின்றியே அவன் எடையை ஆளும் மந்திரத்தைக் கற்றான் என்பது விளங்கும். நகைப்பு அங்கே இரக்கமாக மாறுகிறது. போரில் பன்முறை மாண்டு, வெறுத்து, பின் வென்றவனுக்கே அவ்விரக்கம் முழுமையாகக் கிட்டுகிறது. கடுமையும் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தல் என்பது இதுதான்.

2024ஆம் ஆண்டின் விரிவாக்கத்தினுள் நுழைவதற்கே, ராடானையும் மோக் என்னும் குருதிப் பிரபுவையும் முன்னதாக வென்றிருத்தல் வேண்டும். வாங்கிய பின்னரே இதனை அறிந்து திகைத்தோர் உளர். நுழைந்தபின் காத்திருந்தது மற்றொரு புதுமை. பழைய நாட்டில் ஈட்டிய வலிமை புதிய நாட்டில் போதியதாக இல்லை. அந்நிலத்தின் மூலை முடுக்குகளில் 50 'ஸ்கடுட்ரீ' துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தேடி எடுக்க எடுக்க, 20 படிநிலை வரை தாக்கும் ஆற்றலும் தாங்கும் ஆற்றலும் உயரும். நாட்டைச் சுற்றிப் பாராமல் நேரே அரக்கனிடம் ஓடியவர்கள் ஓரிரு அடியில் மாண்டனர், மாண்டவர்கள் முறையிட்டனர். துண்டுகளைத் தேடுமாறு வெளியீட்டாளரான பண்டாய் நாம்கோ நிறுவனமே நினைவூட்ட நேர்ந்தது. ஒரு வாரத்திற்குள், தொடக்கப் படிநிலைகளின் பயனை மிகுதிப்படுத்தித் திருத்தமும் வெளியிடப்பட்டது.

ஒப்ளிவியன் செய்த பிழைக்கு இது நேர் எதிரான வழி. அங்கு நாடு ஆடுவோனைப் பின்தொடர்ந்து வளர்ந்தது. இங்கு ஆடுவோன் நாட்டை அறிந்த அளவே வளர்ந்தான். அரக்கன் கேட்கும் கேள்வி, 'நீ எத்துணை வல்லவன்?' என்பதன்று, 'இந்நிலத்தை நீ எத்துணைக் கண்டாய்?' என்பதே. இம்முறையைக் குறைகூறுவது பொருந்தாது.

ஆனால் முறையிட்டோர் அனைவரையும் சோம்பியோர் என்று தள்ளுவதும் அறமாகாது. கையும் கண்ணும் விரைந்து இயங்காத உடற்குறையினரும் இவ்வுலகைக் காண விழைகின்றனர். 2019இல் அதே நிறுவனத்தின் 'செக்கிரோ' வந்தபோதே அவர்கள் பொருட்டு எளிய நிலை ஒன்று வேண்டுமா என்ற வாதம் பெரிதாக எழுந்திருந்தது. கடுமையைக் குறைத்து அனைவரையும் வரவேற்பது தம் வழியன்று என்பதே மியாசாக்கியின் நிலை. எனினும், துணைக்கு ஆவிகளை அழைக்கவும் பிற ஆடுவோரை உதவிக்குக் கூவவும் எல்டன் ரிங் இடம் தந்தது. மலேனியா என்னும் கொடிய வீராங்கனையிடம் தோற்றுத் தளர்ந்தோர்க்கு உதவவென்றே, தலையில் பானையைக் கவிழ்த்து, உடலில் கவசமின்றி வந்து, தனியொருவராக அவளை ஆயிரம் முறைக்கு மேல் வென்று கொடுத்த ஆட்டக்காரர் ஒருவர் 2022இல் பெரும்புகழ் எய்தினார். வெளியீட்டாளர் அவருக்கு மெய்யான வாளொன்றையே பரிசாக அனுப்பினர். உதவி பெற்று வெல்வது வெற்றியாகாது என்று சாதிப்போர் அப்போதும் இருந்தனர். அவர்கள் கூற்று, படைத்தவரே திறந்து வைத்த வாயிலைப் பிறர்க்கு அடைக்க முயல்வதாகும்.

இறுதி அரக்கனைப் பற்றிய வழக்கோ இருமடங்காயிற்று. மிக்கெல்லா என்னும் தெய்வ மகனின் துணைவனாக, மோக்கின் உடலில், ராடானே உயிர்த்தெழுந்து வருகிறான். மூலக்கதையில் மிக்கெல்லாவைக் கவர்ந்து சென்ற தீயோனாகத் தோன்றிய மோக், உண்மையில் மிக்கெல்லாவின் மயக்கத்திற்கு ஆட்பட்டவன் என்பது விரிவாக்கத்தில் வெளிப்பட்டது. ஈராண்டாக அவனைப் பழித்த இரசிகர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மாண்ட இளவரசன் காட்வின் திரும்புவான் என்று குறிப்புகளைக் கோத்துக் காத்திருந்தவர்களோ, முன்னரே வென்ற ஒருவன் மீண்டும் வந்ததைக் கண்டு மனம் வெதும்பினர்.

அப்போரின் இரண்டாம் பகுதியில் ராடானின் ஒவ்வோர் அடியோடும் பேரொளி எழுந்து திரையை மறைத்தது. எதிரே வரும் அடியைக் காணவே இயலாதபோது, அதனைக் கற்று வெல்லுதல் எவ்வாறு? இங்கு முறையிட்டோர் பக்கமே நீதி இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த திருத்தம் அவன் தாக்குதல் சிலவற்றைத் தளர்த்தியது. ஒளியால் மறைந்தவை தெளிவாகத் தெரியவும் வகை செய்தது. உடனே புதிய சாதிப்பிரிவு ஒன்று தோன்றியது: திருத்தத்திற்கு முன் வென்றோர், பின் வென்றோர்.

அவ்வாண்டு நவம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவின் தலைசிறந்த விளையாட்டுக்கான பட்டியலில் அவ்விரிவாக்கமும் இடம்பெற்றது. மூல விளையாட்டின்றித் தனித்து ஆட இயலாத ஒன்றைத் தனிப்படைப்பு எனலாமா என்று வாதம் மீண்டும் கிளம்பியது. 2016இல் பிளட் அண்ட் வைன் பெற்ற விருதைச் சிலர் சான்று காட்டினர். டிசம்பரில் விருது 'அஸ்ட்ரோ பாட்' என்னும் சிறு இயந்திர மனிதனின் விளையாட்டிற்குச் சென்றது.