பாதியில் நின்ற பரிசோதனைகள்: அடிப்படை வருமானம் குறித்து கனடா தரும் பாடம்

குறைந்தபட்ச வருமானத்துக்கு அரசே உத்தரவாதம் அளித்தால் மக்கள் வேலைக்குச் செல்வதை நிறுத்திவிடுவார்களா? இக்கேள்விக்கு விடை காண கனடா இருமுறை முயன்றது. இருமுறையும் முடிவுகள் முழுமையாக ஆராயப்படும் முன்னரே ஆட்சி மாறியது.

முதல் பரிசோதனை மனிடோபா மாகாணத்தில் 1974இல் தொடங்கியது. 'மின்கம்' எனப்பட்ட இத்திட்டத்தின் செலவில் முக்கால் பங்கை மத்திய அரசு ஏற்றது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த டோஃபின் பகுதியில், வருமானம் குறைந்த குடும்பங்கள் அனைத்தும் இதில் சேர முடிந்தது. ஒருவர் உழைத்து ஈட்டிய ஒவ்வொரு டாலருக்கும் உதவித்தொகையில் 50 சென்ட் மட்டுமே குறைக்கப்பட்டது. எனவே வேலை செய்தவர்களின் கையில் கூடுதல் பணம் தங்கியது.

1979இல் திட்டம் முடிவுக்கு வந்தபோது, திரட்டப்பட்ட ஆவணங்கள் பெட்டிகளில் அடைத்துவைக்கப்பட்டன. ஆண்களின் வேலைநேரம் ஒரு சதவீதமும், மணமான பெண்களின் வேலைநேரம் மூன்று சதவீதமுமே குறைந்திருந்ததைப் பின்னர் பொருளியலாளர்கள் கண்டறிந்தனர். டோஃபின் மக்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிற மக்களைவிட 8.5 சதவீதம் குறைந்திருந்ததாக, மனிடோபா பல்கலைக்கழகப் பொருளியலாளர் எவலின் ஃபோர்ஜே 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பள்ளி இறுதி வகுப்புவரை படிப்பைத் தொடர்ந்த மாணவர்களும் அதிகரித்திருந்தனர்.

இரண்டாவது பரிசோதனை, தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2017இல் ஆரம்பமானது. ஹாமில்டன், தண்டர் பே, லின்ட்சே பகுதிகளில் சுமார் 4,000 பேர் உதவி பெற்றனர். தனிநபருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 16,989 டாலர் வழங்கப்பட்டது. மூன்றாண்டுத் திட்டம் என்ற உறுதிமொழியை நம்பிப் பலர் தமது எதிர்காலத்தைத் திட்டமிட்டிருந்தனர். ஆனால் 2018 தேர்தலில் வென்ற புதிய அரசு, செலவு தாங்க முடியாதது என்று கூறித் திட்டத்தை ரத்து செய்தது. 2019 மார்ச்சுடன் கொடுப்பனவுகள் நின்றன.

இத்தகைய பரிசோதனைகளுக்கு வரம்புகளும் உண்டு. சில ஆண்டுகளே கிடைக்கும் என்று தெரிந்த பணத்தை மக்கள் பயன்படுத்தும் விதமும், வாழ்நாள் முழுதும் கிடைக்கும் பணத்தைப் பயன்படுத்தும் விதமும் வேறுபடக்கூடும். நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தத் தேவையான வரி உயர்வை மக்கள் ஏற்பார்களா என்பதையும் இவை சோதிப்பதில்லை.

எனினும் ஒன்று தெளிவாகிறது. செலவு உடனடியாக வரவுசெலவுத் திட்டத்தில் தெரிகிறது. உடல்நலம், கல்வி ஆகியவற்றில் விளையும் பயன் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தேர்தலைக்கூடத் தாண்ட முடியாத பரிசோதனை, அந்தப் பயனை அளந்து சொல்லும் வாய்ப்பையே இழந்துவிடுகிறது.