கோடியக்கரை வனவிலங்கு மற்றும் பறவைகள் புகலிடம்

கோடியக்கரை வனவிலங்கு மற்றும் பறவைகள் புகலிடம் என்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் வட்டத்தில் வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்துள்ள ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதியாகும். கடற்கரை, மணல்மேடுகள், உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்றுநிலம், உப்பங்கழி ஆகியவை ஒருங்கே அமைந்துள்ளது இதன் சிறப்பாகும். வெளிமான்களைப் பாதுகாக்கும் நோக்குடன் 1967 ஆம் ஆண்டு 17.26 சதுர கிலோமீட்டர் பரப்பில் இப்புகலிடம் நிறுவப்பட்டது. குளிர்காலத்தில் இங்கு வரும் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் இதனை உலகப் பறவையியலாளர்கள் அறிந்த இடமாக்கின.

அமைவிடம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக நேராக வந்து, கோடியக்கரையில் ஏறத்தாழ செங்கோணமாக மேற்கு நோக்கித் திரும்புகிறது. நிலத்தின் கோடியில் அமைந்ததால் இவ்வூர் இப்பெயர் பெற்றது. கிழக்கில் வங்காள விரிகுடாவும் தெற்கில் பாக்கு நீரிணையும் வடக்கிலும் மேற்கிலும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நிலமும் இதன் எல்லைகளாகும். காட்டை ஒட்டிக் கோடியக்காடு, முனையில் மீனவர் வாழும் கோடியக்கரை ஆகிய சிற்றூர்கள் உள்ளன. மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் இங்கு வந்து தற்காலிகக் குடிசைகளில் தங்குவர்.

வரலாறு

கோடியக்கரை தொன்மையான துறையாகும். இங்குள்ள கோடிக்குழகர் கோயில் சுந்தரரால் தேவாரத்தில் பாடப்பெற்ற தலமாகும். கடற்காற்று வீசும் இத்தனிமையான கரையில் இறைவன் துணையின்றி இருப்பதைக் கண்டு அவர் வருந்திப் பாடினார். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மக்கள் இங்கு கடல் நீராட வருகின்றனர். கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தில் கோடியக்கரையும் அதன் கலங்கரை விளக்கமும் முக்கிய நிகழ்களங்களாக இடம்பெறுகின்றன. சோழர் காலத்தது எனக் கூறப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதி 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் இடிந்தது.

1930 ஏப்ரலில் சி. இராசகோபாலாச்சாரி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள், புகலிடத்திற்கு வடக்கே உள்ள அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினர். இச்சதுப்பு நிலம் நெடுங்காலமாகவே உப்பு விளையும் நிலமாகும்.

பறவையியலாளர் சாலிம் அலி கோடியக்கரையின் சிறப்பை வெளியுலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு ஆய்வு நிலையம் அமைத்து, பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்து வருகிறது. 2002 ஆகத்து மாதத்தில் இப்புகலிடமும் வேதாரண்யம் சதுப்பு நிலமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் உள்ளிட்ட 38,500 எக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2022 வரை தமிழ்நாட்டில் இத்தகுதி பெற்றிருந்த ஒரே ஈரநிலம் இதுவாகும்.

தாவரங்கள்

இங்குள்ள காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது. சோழமண்டலக் கரையோரம் முழுவதும் ஒரு காலத்தில் பரவியிருந்த இவ்வகைக் காடு தற்போது கோயில் காடுகளிலும் ஒருசில ஒதுக்குக் காடுகளிலுமே எஞ்சியுள்ளது. பாலை மரம் இங்கு மிகுதியாக உள்ளது. நாவல், உகா முதலியனவும் மருத்துவ மூலிகைகள் பலவும் வளர்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் மழையின்றியும் உப்புக்காற்றைத் தாங்கியும் நிற்க வேண்டியிருப்பதால் மரங்கள் குட்டையாகவும் இலைகள் தடித்தும் காணப்படுகின்றன. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது.

விலங்குகள்

வெளிமான் இப்புகலிடத்தின் முதன்மை விலங்காகும். புல்வாய் என்றும் அழைக்கப்படும் இது, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. வளர்ந்த ஆண் மான் கருமையான மேற்புறமும் வெண்ணிற வயிறும் முறுக்கிய கொம்புகளும் உடையது. பெண் மான் பழுப்பு நிறமானது, பொதுவாகக் கொம்பற்றது. அடர்ந்த காட்டில் மறைந்து வாழும் மான்களைப் போலன்றி, வெளிமான் திறந்த வெளியையே நாடும். பகையைத் தொலைவிலேயே பார்வையால் அறிந்து, விரைந்து ஓடித் தப்புவது அதன் இயல்பு. எனவே புல்வெளி அதற்கு உணவிடம் மட்டுமன்றி அரணும் ஆகும்.

புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, முயல், குரங்கு ஆகியனவும் இங்கு வாழ்கின்றன. இங்கு காணப்படும் குதிரைகள் இயல்பான காட்டு விலங்குகள் அல்ல. மனிதரால் வளர்க்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவையாகும்.

ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. ஒரு கூட்டில் நூறு முட்டைகள் அளவில் இருக்கும். நாய், நரி ஆகியவற்றிடமிருந்து காப்பதற்காக வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து, வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

பறவைகள்

நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்குக் கோடியக்கரை இந்தியப் பெருநிலத்தின் கடைசித் தங்கிடங்களுள் ஒன்றாகும். சில பறவைகள் குளிர்காலம் முழுவதும் இங்கேயே தங்குகின்றன; சில ஓய்வெடுத்து இரைதேடியபின் பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் செல்கின்றன.

பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், ஆலாக்கள், உள்ளான் வகைகள் ஆகியவை நீர்நிலைகளில் காணப்படுகின்றன. ஒரே சேற்றுநிலத்தில் பலவகைப் பறவைகள் போட்டியின்றி இரைதேட அவற்றின் அலகு, கால் அமைப்புகள் உதவுகின்றன. சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது. நீண்டு வளைந்த அலகுடையவை ஆழத்தில் உள்ள புழுக்களை எடுக்கின்றன. பூநாரை ஆழம் குறைந்த நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. ஆகவே நீர் ஓரிரு சாண் உயர்ந்தாலும் வற்றினாலும் இரைதேடும் பறவைகளின் வகைகள் மாறிவிடுகின்றன. காட்டுப் பகுதியில் வலசை வரும் ஆறுமணிக் குருவி உள்ளிட்ட பறவைகளைக் காணலாம்.

அச்சுறுத்தல்கள்

வேதாரண்யம் சதுப்பு நிலம் கடல்நீரால் மட்டும் ஆனதன்று. காவிரிப் படுகையின் கடைமடையில் உள்ள இந்நிலத்திற்கு ஆற்றுக் கிளைகளும் வடிகால்களும் நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணையில் தேக்கப்பட்டு, நாமக்கல் மாவட்ட எல்லையைத் தொட்டு ஓடிவரும் நீர், பாசனத்திற்குப் பயன்பட்டது போக எஞ்சியே இங்கு வருகிறது. ஆற்றில் நீர் குறையும் ஆண்டுகளில் முதலில் வறள்வது இக்கடைக்கோடியாகும். நன்னீர் வரத்து குறைந்ததும் உப்பளங்கள் விரிவடைந்ததும் சதுப்பு நிலத்தின் உவர்ப்பையும் நீரோட்டத்தையும் மாற்றியுள்ளன. மீன், இறால், புழுக்கள் முதலிய இரைகள் குறையும்போது பறவைகளும் குறைகின்றன. 1980களுடன் ஒப்பிடுகையில் கரையோரப் பறவைகள் வெகுவாகக் குறைந்துள்ளதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். முன்னர் இங்கு பதிவு செய்யப்பட்ட கரண்டிமூக்கு உள்ளான் உலகளவிலேயே அற்றுப்போகும் நிலையில் உள்ளது.

நிலப்பகுதியில் சீமைக் கருவேல மரம் புல்வெளிகளை ஆக்கிரமித்து வருகிறது. இதன் காய்களை உண்ணும் விலங்குகளின் சாணத்தின் வழியே விதைகள் பரவுகின்றன. வெளிமான்களும் இதற்கு விலக்கல்ல. தமது புல்வெளியை அழிக்கும் மரத்தைத் தாமே விதைக்கும் நிலையில் அவை உள்ளன. மட்டக்குதிரைகளும் வெளிமான்களுடன் புல்லுக்குப் போட்டியிடுகின்றன. வனத்துறை சீமைக் கருவேல மரங்களை அகற்றி வந்தாலும் அவை மீண்டும் துளிர்க்கும் தன்மையுடையவை.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இக்காட்டைப் பெரிதும் சிதைத்தது. ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் பறவைகளும் மாண்டன. மூன்று புறமும் நீரும் உப்பளமும் சூழ்ந்திருப்பதால் இங்குள்ள விலங்குகள் பேரிடர்க் காலத்தில் வேறிடம் செல்ல வழியில்லை. வெளியிலிருந்து புதிய வெளிமான்கள் வந்து சேரவும் இயலாது. எனவே இங்குள்ள மந்தை அழிந்தால் அது தானாக மீளாது.

பார்வையிடல்

வலசைப் பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரையான காலம் ஏற்றதாகும். வெளிமான்களை ஆண்டு முழுவதும் காணலாம்; காலையிலும் மாலையிலும் அவை புல்வெளியில் மேய்கின்றன. புகலிடத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். தொலைநோக்கி இன்றியமையாதது. பறவைக் கூட்டத்தை நெருங்கினால் அவை எழுந்து பறந்துவிடும். நெடும்பயணத்திற்காகச் சேமித்த ஆற்றல் இதனால் வீணாகும். சேற்றுநிலத்தில் கால் புதையக்கூடும் என்பதால் பாதையை விட்டு இறங்குவது ஆபத்தானது.

காட்டினுள் உள்ள இராமர் பாதம் என்னும் மணல்மேடு இப்பகுதியின் உயரமான இடமாகும். அங்கு கல்லில் அமைந்த பாதச் சுவடுகள் வழிபடப்படுகின்றன. சில மீட்டர் உயரமே கொண்ட அம்மேட்டிலிருந்து காடும் சதுப்பு நிலமும் தெரியும்.

போக்குவரத்து

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, பேருந்துகள் உள்ளன. திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் இருப்புப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சேலம், இராசிபுரம், புதுச்சத்திரம் முதலிய உள்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர் நாமக்கல், முசிறி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்தை அடையலாம். முசிறி முதல் தஞ்சாவூர் வரை இவ்வழி காவிரியையும் அதன் கிளைகளையும் ஒட்டியே செல்கிறது. அந்நீர் இறுதியாகச் சென்று சேரும் இடங்களுள் ஒன்று கோடியக்கரைச் சதுப்பு நிலமாகும்.