மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்கள்

சென்ற காலத்தின் செய்திகளைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஏட்டுச் சுவடியிலும் தேடுவது அறிஞர் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயமோ பழைய மோட்டார் வண்டிகளின் எண்ணெய்த் தாங்கிகளிலே படிந்து கிடக்கின்றது. பண்டத்தரிப்பு முதலிய வலிகாமத்து ஊர்களில், கொட்டிலிலே பல்லாண்டு நின்றுவிட்ட ஒஸ்ரின் அல்லது மொறிஸ் வண்டியொன்றை மீண்டும் ஓடச்செய்ய விரும்புவோர் முதலிற் கழற்றவேண்டியது அந்தத் தாங்கியைத்தான். அதன் அடியில் துருவும், வற்றிய பெற்றோலின் பிசினும், மண்ணெண்ணெயின் கசடும் கலந்து கிடப்பதுண்டு. பெற்றோல் வண்டிக்குள் மண்ணெண்ணெய் புகுந்தது எவ்வாறு? அதனை அறிய, இங்கிலாந்தின் போர்க்காலம்வரை நாம் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, பிரித்தானிய அரசாங்கம் பெற்றோல் கம்பனிகளின் தனித்தனிப் பெயர்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே பொது எண்ணெயாக விற்கச் செய்தது. அது தரத்திற் குறைந்த எண்ணெய். போர் முடிந்த பின்னரும் 1953வரை அந்நாட்டு மக்களுக்கு அதுவே கிடைத்தது. அக்காலத்து வண்டிகளை வகுத்த பொறியியலாளர் இந்த எளிய எண்ணெயை மனத்திற்கொண்டே எஞ்சின்களை அமைத்தனர். சிலிண்டருக்குள் எண்ணெயாவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகின்றது. தரங்குறைந்த எண்ணெயை மிகுதியாக அழுத்தினால், அது உரிய முறையில் எரியாது திடீரென வெடித்து எஞ்சினைத் தாக்கும். ஆகவே அழுத்தத்தை ஏறத்தாழ ஏழு மடங்கு என்னும் அளவில் அவர்கள் நிறுத்திக்கொண்டனர். 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952இல் வந்த ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் ஆகியவை அக்காலத்துப் பிள்ளைகளே. இலங்கைக்குக் கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் அவை நிலைபெற்றன.

1970 முதல் 1977வரை இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய வண்டி கிடைப்பது அரிது. உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிது. உடைந்ததை எறியாது ஒட்டவும், இல்லாததைக் கடைசல் பிடித்துச் செய்துகொள்ளவும் நம் திருத்துநர் பழகினர். 1977இன் பின் வர்த்தகம் திறந்துவிடப்பட, ஜப்பானிய வண்டிகள் பெருகின. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மதிப்பிற் சற்றுத் தாழ்ந்தன.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோல் உள்ளிட்ட பல பொருள்களைக் கொண்டுசெல்லத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் வந்து சேர்ந்தது. சிறு ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டு, துளித்துளியாய் எண்ணெய் செலவழித்து மாணவர் படித்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலமும் அதுவே என்பதை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நாளில், உயர்ந்த அழுத்தத்திற்கென அமைந்த புதிய வண்டிகள் பெரும்பாலும் முடங்கின. நல்ல பெற்றோலை அறியாத காலத்தில் வகுக்கப்பெற்ற பழைய எஞ்சின்களோ மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. ஆயினும் அதில் இடர் ஒன்று உண்டு. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி நன்கு ஆவியாகாது. ஆகையால் சிறு குப்பியில் அரும்பொருள்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறிய பின் மண்ணெண்ணெயைத் தொடர்ந்து செல்ல விடுவர். 1917இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலிற் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும் அமைப்பை உடையதே. அங்கே தொழிற்சாலை வகுத்த முறையை, இங்கே தேவை கற்பித்தது.

இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. கரும்புகை எழுந்தது; பிளக்குகளிற் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே இறங்கி, கீழுள்ள எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. எனினும் நோயாளியையும் பேறுகாலப் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேறு வழி அரிதாயிருந்த வேளையில், அந்தப் புகையை எவரும் குறைகூறவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். கொண்டுசெல்ல இயலாத பொருள்கள் வீடுகளிலேயே தங்கின; வண்டிகளும் தங்கின. 1996இல் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2002இல் கண்டி வீதி திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தபோது, நின்றுபோன வண்டிகளை எழுப்பும் வேலையும் வந்தது.

அவ்வேலைக்கு ஒரு முறை உண்டு. எஞ்சினை உடனே முடுக்கலாகாது. சிலிண்டர்களிற் சிறிது எண்ணெய் விட்டுக் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். தாங்கியைக் கழற்றி, பழைய எண்ணெயை முற்றாக வடித்து, பிசினைக் கரைத்துத் துருவை நீக்கிக் கழுவவேண்டும். வெறுந் தாங்கி என்று எண்ணி அதன் அருகே நெருப்பைக் கொண்டுசெல்வதோ, ஈயம் பற்றவைப்பதோ பேராபத்து. உள்ளே தங்கிய ஆவி, எண்ணெயைவிடக் கொடிது. அடுத்து, குழாய்களைக் காற்றால் ஊதித் துப்புரவாக்கி, வெடித்த இறப்பர்க் குழாய்களை மாற்றவேண்டும். பம்பின் மென்தகடு காய்ந்து விறைத்திருந்தால் புதிது இடவேண்டும். காபரேற்றரின் பித்தளை மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்தினால், ஓட்டை உள்ள இடத்திற் குமிழி எழும். நுண்ணிய துளைகளைக் கம்பியாற் குத்தலாகாது; குத்தினால் துளை பெருத்து எண்ணெய் அளவு தவறும். ஊதியே அடைப்பெடுக்கவேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னரும், முதன்முறை இயக்கும்போது சிறு கலத்திலிருந்து புதிய பெற்றோலைக் காபரேற்றருக்கு நேரே விட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

இந்த அறிவிற் பெரும்பகுதி தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், ஆசானிடமிருந்து கையாளுக்கும் வாய்மொழியாகவே வந்தது. மண்ணெண்ணெய்க் காலத்தில் அந்த எஞ்சின்களைப் பேணிய கைகள் இன்று முதுமை எய்திவிட்டன. வண்டியைத் துலக்கிப் பளபளப்பாக்குவோர், அது எந்த ஆண்டில் நின்றது, இறுதியாக எந்த எண்ணெயில் ஓடியது, எவரை எங்கே ஏற்றிச் சென்றது, குப்பியை எங்கே கட்டினர் என்பவற்றையும் வீட்டுப் பெரியோரிடமும் திருத்துநரிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. பாடசாலை மாணவர் இதனை ஒரு விடுமுறைக்காலப் பணியாக மேற்கொள்ளலாம். தாங்கியைக் கழுவும்போது கசடு போகவேண்டியதுதான். அக்கசடு படிந்த காலத்தின் செய்தி அதனோடு போய்விடலாகாது.