மீனைப் பார்: ஓர் ஒப்படையின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. கெம்பஸிலும் கல்வியியற் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், கற்பிக்கும் நண்பர்களும் நேரமெடுத்து வாசியுங்கள்.

ஒப்படை என்பது இப்போது நமது வீடுகளில் அன்றாடச் சொல். தலைப்பு ஒன்று வட்ஸ்அப்பில் வரும். இரண்டு இணையத்தளங்கள், போன வருடப் பிள்ளையின் கோப்பு, போதாததற்குச் செயற்கை நுண்ணறிவு. இரவோடு இரவாகப் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அட்டையில் பெயரும் சுட்டிலக்கமும் எழுதினால் வேலை முடிந்தது. புள்ளியும் வந்துவிடும். அடுத்த வாரம் அதே பிள்ளையிடம் அதே விடயத்தைக் கேட்டால் பதில் இல்லை.

நாம் பிள்ளையைத்தான் ஏசுகிறோம், "கொப்பி அடிக்கிறான், சோம்பேறி" என்று. கொப்பி அடித்தே செய்து முடிக்கக்கூடிய ஒப்படையைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட, சுமார் 165 வருடங்கள் பின்னால் போய் ஒரு கதையைப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பு என்றால் பெரும்பாலும் ஒப்புவித்தல்தான். பாடநூலின் சில பக்கங்களை மனனம் செய்துகொண்டு வரவேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். சொன்னதற்குப் புள்ளி போடுவார்.

ஐரோப்பாவில் அதற்கு முன்னரே வேறொரு காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஜேர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்துக்கு 1824இல், தனது 21 வயதில், பேராசிரியராகப் போனவர் லீபிக். இரசாயனத்தைப் புத்தகத்திலிருந்து ஒப்புவிக்க விடாமல், என்ன பொருள் என்று தெரியாத மாதிரிகளை மாணவரிடம் கொடுத்து, ஆய்வுகூடத்தில் தாமாகவே கண்டுபிடிக்கச் சொன்னார். பேர்லினில் வரலாற்றுப் பேராசிரியர் ராங்கே, மாணவரைத் தன்னைச் சுற்றி அமர்த்தி, பழைய மூல ஆவணங்களையே வாசித்து விசாரிக்கப் பழக்கினார். பிறர் சொன்ன விடையைத் திருப்பிச் சொல்வதிலிருந்து, விடையைத் தேடிக் காண்பதற்குக் கல்வி நகர்ந்தது.

அமெரிக்காவில் இந்த வழிக்குப் பேர்போனவர் லூயி அகஸி. 1807இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், மீன் சுவடுகள் பற்றிய ஆய்வால் புகழ்பெற்றவர். 1846இல் அமெரிக்கா போய், அடுத்த வருடம் ஹாவார்டில் பேராசிரியரானார். அவரிடம் படிக்க வந்த இளைஞர்களில் ஒருவர் சாமுவேல் ஸ்கடர். பூச்சிகளைப் பற்றி ஆராய வேண்டும் என்பதே அவரது ஆசை. முதல் நாள் என்ன நடந்தது என்பதை 1874இல் அவரே எழுதினார்.

"எப்போது தொடங்குகிறீர்?" என்று கேட்டார் பேராசிரியர். "இப்போதே" என்றார் ஸ்கடர். அகஸி மதுசாரப் போத்தலிலிருந்து ஒரு மீனை எடுத்துத் தட்டில் வைத்து, இதைப் பாரும், பிறகு வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூச்சி படிக்க வந்தவருக்கு மீன்! நமது கரையோரப் பிள்ளைகளுக்கு மீன் ஒரு புதினமா? ஸ்கடருக்கும் அப்படித்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று எழும்பினார். பேராசிரியரைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. உருப்பெருக்கிக் கண்ணாடி பாவிக்கக் கூடாது, கருவி எதுவும் கூடாது. இரண்டு கை, இரண்டு கண், ஒரு மீன். வேறு வழியில்லாமல் பற்களின் கூர்மையை விரலால் தடவிப் பார்த்தார். செதில் வரிசைகளை எண்ணினார். கடைசியில் மீனை வரையத் தொடங்கினார். வரைய வரைய, அதுவரை கண்ணில் படாத உறுப்புகள் தெரியத் தொடங்கின.

அகஸி வந்தார். வரைந்ததைப் பாராட்டினார். கண்டவற்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, மீனைப் போலவே வெளிப்படையான ஒன்றை நீர் இன்னும் காணவில்லை, மீண்டும் பாரும் என்றார். மாலையில் "கண்டீரா?" என்று மறுபடி கேட்டார். காணவில்லை, ஆனால் முன்னர் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறேன் என்பது இப்போது விளங்குகிறது என்றார் ஸ்கடர். மீன் இல்லாமலே இரவு முழுக்க யோசித்துவிட்டு, விடிந்ததும் தந்த விடை இதுதான்: மீனின் இரு பக்கங்களும் சமச்சீரானவை, உறுப்புகள் சோடி சோடியாக அமைந்திருக்கின்றன. பேராசிரியருக்கு மிகவும் சந்தோசம். அடுத்து என்ன செய்ய என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: மீனைப் பாரும்.

மூன்று நாட்கள் அப்படியே. நான்காம் நாள் அதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு மீன் பக்கத்தில் வைக்கப்பட்டது. இப்போது ஒற்றுமை வேற்றுமை சொல்ல வேண்டும். பிறகு மூன்றாவது, நான்காவது என்று முழுக் குடும்பமும் மேசைக்கு வந்தது. ஸ்கடர் பிற்காலத்தில் அமெரிக்காவின் முன்னணிப் பூச்சியியல் அறிஞர்களில் ஒருவரானார். அந்த மீன்களோடு கழித்த எட்டு மாதங்கள், பின்னாளில் பூச்சிகளில் செலவிட்ட காலத்தை விடப் பெறுமதியானவை என்று எழுதினார்.

இந்த ஒப்படை ஏன் வேலை செய்தது?

ஒன்று, கொப்பி அடிக்க இடமே இல்லை. மீன் பற்றிப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தட்டில் கிடந்த மீனைப் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டு, ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை, ஆனால் கைவிடவும் இல்லை. இடையிடையே வந்து கேட்டார், பாராட்டினார், குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நாமோ இறுதித் திகதியில் வாங்கி, கடைசியில் ஒரு புள்ளியை மட்டும் போடுகிறோம்.

மூன்று, படிமுறை இருந்தது. முதலில் ஒன்றைப் பார்த்தல், பிறகு இரண்டை ஒப்பிடல், பிறகு ஒரு குடும்பத்தின் பொது ஒழுங்கைக் காணல்.

இத்தோடு நிறுத்தினால் கதை பாதிதான். அகஸி மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, சமமற்றவை என்று நம்பியவர். 1850இல் தென் கரோலினாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களை ஆடை களைந்து நிறுத்திப் புகைப்படம் எடுப்பித்தார், தனது கருத்துக்கு ஆதாரம் தேடி. மீனை மூன்று நாள் பார்க்கச் சொன்னவர், கண்முன் நின்ற மனிதரைப் பார்க்கவில்லை. மனிதர் எல்லோரும் ஆதமின் மக்கள் என்று நம்பும் நமக்கு இது எவ்வளவு பெரிய குருட்டுத்தனம் என்று சொல்லத் தேவையில்லை. முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டுப் பார்ப்பவனுக்குக் கூர்மையான கண்ணும் உதவாது.

இன்னொரு பக்கமும் உண்டு. டார்வினின் கருத்தை அகஸி 1873இல் இறக்கும் வரை ஏற்கவில்லை. ஆனால் அவரிடம் பார்க்கப் பழகிய ஹயட், பக்கார்ட், மோர்ஸ் போன்றவர்கள் தங்கள் ஆய்வின் வழியே பரிணாமத்தை ஏற்றார்கள். அந்த விடயத்தில் நமது நிலைப்பாடு என்ன என்பது வேறு பேச்சு. நான் சொல்ல வருவது, ஆசிரியர் விரும்பாத விடைக்கும் மாணவரைக் கொண்டுபோக அந்தப் பயிற்சியால் முடிந்தது என்பதே. ஆசிரியரின் குறிப்பைத் திருப்பி எழுதினால் மட்டும் புள்ளி கிடைக்கும் ஒப்படையில் அது நடக்காது.

நமக்கு ஆய்வுகூடம் இல்லை, ஒரு விரிவுரையாளருக்கு நூறு பிள்ளைகள் என்று சொல்வீர்கள். நியாயம்தான். ஆனால் தட்டும் மீனும் பெரிய செலவில்லை. கல்வியியற் கல்லூரியில் "பியாஜேயின் கோட்பாட்டை விளக்குக" என்பதற்குப் பதிலாக, கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் வகுப்பில் ஒரு பிள்ளை கழித்தல் கணக்கில் விடும் பிழைகளை ஒரு வாரம் பதிந்து, அவை ஏன் வருகின்றன என்று எழுதச் சொல்லலாம். "கிழக்கின் நெற்செய்கை" என்று இருபது பக்கம் கேட்பதை விட, தனது மூத்தவாப்பாவிடம் அவர் செய்த வயலைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னதை ஒரு பழைய உறுதியோடோ வரைபடத்தோடோ ஒப்பிட்டு நான்கு பக்கம் கேட்கலாம். அந்த நான்கு பக்கம் வேறு யாரிடமும் இருக்காது. மூத்தவாப்பாமாரும் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளை ஒப்படை முடித்துவிட்டேன் என்று சொன்னால் எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள். "நீ புதிதாக என்ன கண்டாய்?" என்று கேளுங்கள்.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ கிடைத்த ஒப்படைகளில் இன்றும் மனதில் நிற்கும் ஒன்று இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கற்பிக்கும் நாங்கள் அதிலிருந்து படித்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.